டிரினிடாடை வரைந்த கஸபோன்

1854-இல் மதராஸ் கவர்னராக வந்த ஹாரிஸ் பிரபு, அதற்கு முன் கரீபியன் தீவான டிரினிடாடில் கவர்னர். அங்கே அவர் ஆதரித்த ஓவியர்தான் மிஷேல் ழான் கஸபோன்.

கஸபோன் 1813-இல் சான் பெர்னாண்டோ அருகே பிறந்தார். கலப்பினக் குடும்பம். ஆனால் அவர்களுடைய கரும்புத் தோட்டம் நடந்தது அடிமைகளின் உழைப்பில். அதைச் சொல்லாமல் விட முடியாது. இங்கிலாந்தில் பள்ளிப்படிப்பு, பாரீஸில் ஓவியப் பயிற்சி. அங்கே புகழ்பெற்ற சலோன் கண்காட்சியிலும் அவர் படங்கள் இடம்பெற்றன.

1848 வாக்கில் ஊர் திரும்பி, தீவை வாட்டர்கலரில் வரையத் தொடங்கினார். நம் பிளாக்குகளில் வாட்டர்கலர் பழகும் பிள்ளைகளுக்குத் தெரியும், தப்பினால் அழிப்பது கஷ்டம். அதில்தான் அவர் மூங்கில் தோப்புகளையும், ஆற்றங்கரையையும், விடுதலை பெற்ற கறுப்பின மக்களையும், இந்தியாவிலிருந்து போன கூலித் தொழிலாளர்களையும் வரைந்தார். கேமரா பரவாத காலத்து டிரினிடாடை இன்று அந்தப் படங்களில்தான் பார்க்கிறார்கள். 1851-லும் 1857-லும் அச்சுப்பட ஆல்பங்களும் வெளியிட்டார்.

பிறகு மார்த்தினிக் தீவுக்குப் போனார், பிழைப்பு அமையவில்லை. திரும்பி வந்து ஓவியம் சொல்லிக்கொடுத்துக் காலம் தள்ளினார். 1888-இல் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் காலமானார். ஹாரிஸ் வாங்கிய 40-க்கும் மேற்பட்ட ஓவியங்கள் இங்கிலாந்தில், அந்தப் பிரபுவின் குடும்ப மாளிகையில் இருக்கின்றன.