பத்திரிகாசிரியர் சுப்பிரமணிய சிவா

இக்காலத்தே பத்திரிகைத் தொழிலும் பல்கலைக்கழகங்களிற் பயிலத்தக்கதொரு கலையாயிற்று. சென்னைப் பல்கலைக்கழகம் 1947-ஆம் ஆண்டிலேயே அதனைக் கற்பிக்கத் தொடங்கிற்று. சேலம் பெரியார் பல்கலைக்கழகத்திலும் அதற்கெனத் தனித்துறை நிலவுகின்றது. தருமபுரி மாவட்டத்து இண்டூர் முதலிய ஊர்களினின்று அத்துறையை நாட விழையும் மாணவர், தம் ஊர்க்கு அண்மையதாகிய பாப்பாரப்பட்டியில் உயிர் நீத்த பத்திரிகாசிரியர் ஒருவரது வரலாற்றை முதற்கண் அறிதல் நலமாம்.

சுப்பிரமணிய சிவா 1884-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் நாள் வத்தலக்குண்டில் பிறந்தார். 1908-இல் தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரம் பிள்ளையுடன் சுதேசியக் கொள்கையைப் பொதுமக்களிடையே முழங்கினார். அதனால் இராஜத்துவேஷக் குற்றஞ் சாட்டப்பெற்றுப் பத்தாண்டுத் தண்டனை அடைந்தார். மேல்முறையீட்டில் அஃது ஆறாண்டாகக் குறைக்கப்பட்டது. 1912-இல் விடுதலை பெற்றபோது, சிறை தந்த தொழுநோயும் அவருடன் வெளிப்போந்தது.

நாவினாற் சிறை புகுந்தவர் பின்னர் எழுதுகோலைக் கையிலெடுத்தார். 1913-இல் 'ஞானபாநு' என்னும் மாத இதழைத் தொடங்கினார். அக்காலை புதுவையில் அடைக்கலம் புகுந்திருந்த பாரதியார்க்கு அவ்விதழ் இடமளித்தது. வடசொற் கலவாத தனித்தமிழில் கட்டுரை வரைவோர்க்கு 5 ரூபாய் பரிசளிப்பதாகவும் அவ்விதழ் அறிவித்தது. தமிழ் பயிலும் நம்மனோர் இதனை மறத்தலாகாது. பின்னர்ப் 'பிரபஞ்சமித்திரன்' என்னும் இதழையும் அவர் நடத்தினார்.

1921-இல் மீண்டும் சிறைப்பட்டார். நோயோ முற்றியது. தொழுநோயாளர் புகைவண்டியிற் செல்லுதல் ஆகாதென்ற தடையும் குறுக்கிட்டது. ஆயினும் அவர் ஓரிடத்தே முடங்கினாரல்லர். கால்நடையாகவும் மாட்டுவண்டியிலும் ஊர்தோறுஞ் சென்று பேசினார். பாப்பாரப்பட்டியில் பாரதமாதாவுக்கு ஒரு கோயில் எழுப்ப எண்ணினார். 1923-இல் சித்தரஞ்சன தாசர் அதற்கு அடிக்கல் நாட்டினார். கோயில் எழுவதைக் காணாமலே, 1925-ஆம் ஆண்டு ஜூலை 23-ஆம் நாள், தமது நாற்பத்தோராம் ஆண்டில் அங்கே மறைந்தார்.

செய்தி திரட்டுதலையும், அதனைச் செப்பஞ் செய்தலையும், அச்சேற்றும் முறையையும் இன்று ஆசிரியர் கற்பிப்பர். சிவாவுக்கு அத்தகைய கல்லூரி வாய்த்திலது. சொன்ன சொல்லுக்காகத் தண்டனை பெற்றபின்னும் அச்சொல்லையே அச்சிற் பதிப்பதா, வேறு பிழைப்பைத் தேடுவதா என்னும் வினா அவர் முன் நின்றது. அதற்கு அவர் தந்த விடை 'ஞானபாநு'. அவ்வினா இத்தொழிலை மேற்கொள்வார் ஒவ்வொருவர் முன்னும் என்றேனும் ஒருநாள் வந்து நிற்கும். அதற்குரிய விடையை எப்பாடநூலும் எழுதித் தாராது.