ஏடு தேடிய ஆசிரியர்

ஆராய்ச்சி என்னும் சொல்லைக் கேட்ட அளவில் மாணவர் பலருக்கு நினைவில் எழுவது கண்ணாடிக் குழாய்களும் தராசும் நிறைந்த விஞ்ஞானக் கூடமேயாகும். ஓலைச் சுவடியைக் கையிற்கொண்டு நிகழ்த்தும் ஆராய்ச்சியும் உண்டு. அறியாததை அறியாதது என்று உணர்தலும், சான்று தேடுதலும், கிடைத்த சான்றுகளை ஒன்றோடொன்று வைத்து நோக்குதலும், கண்டதைக் கண்டவாறே உரைத்தலும் இரண்டற்கும் பொதுவாம். இந்நெறியில் அறுபது ஆண்டு வழுவாது நடந்தவர் மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையர்.

ஐயர் 1855 ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 19 ஆம் நாள் பிறந்தார். கும்பகோணத்திற்கு அணித்தாகிய உத்தமதானபுரம் அவரது ஊர். தந்தையார் வேங்கடசுப்பையர் இசையில் வல்லவர், பொருளில் வறியவர். மைந்தருக்குத் தமிழில் இருந்த தணியாத வேட்கையைக் கண்டு, தம் வறுமையையும் பொருட்படுத்தாது, 1871 இல் மாயூரத்தில் வாழ்ந்த மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் அவரைச் சேர்ப்பித்தார். அம்மாயூரமே இக்காலத்து மயிலாடுதுறை. பிள்ளையவர்கள் 1876 இல் மறையும் வரை ஐயர் அவரை நிழல்போல் பிரியாதிருந்து அந்தாதிகளும் பிள்ளைத்தமிழ்களும் உலாக்களும் கோவைகளும் தலபுராணங்களும் கற்றார். பின்னர்த் திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரிடத்தும் பாடங் கேட்டார். 1880 இல் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தமிழாசிரியர் ஆனார். அக்காலத்தில் ஒரு புலவர் அறிந்திருக்கவேண்டுவன அனைத்தையும் அவர் அறிந்திருந்தார் என்றே எவரும் எண்ணியிருப்பர்.

அவ்வாண்டு அக்டோபர் 21 ஆம் நாள் அவர், கும்பகோணத்திற்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைக் காணச் சென்றார். முதலியார் அவர் கற்ற நூல்கள் யாவை என்று வினவினார். ஐயர் தாம் கற்ற நூல்களின் பெயர்களை வரிசையாகக் கூறினார். முதலியார் முகத்தில் மகிழ்ச்சி சிறிதும் தோன்றவில்லை. அந்நூல்களுக்கெல்லாம் மூலமாய் நின்ற பழைய நூல்களைக் கற்றதுண்டோ என்று அவர் மேலும் கேட்டுச் சிந்தாமணி, மணிமேகலை, சிலப்பதிகாரம் என்னும் பெயர்களைச் சொன்னார். அவற்றைக் கற்றலிருக்கட்டும், ஏட்டளவிற்கூட ஐயர் கண்டதில்லை. புலமையுடையார் பலர் இத்தகைய நிலையில் வினாவியவரை வெறுத்துத் தம்மைத் தாமே தேற்றிக்கொள்வர். ஐயரோ, தம் கல்வியில் இவ்வளவு பெரிய குறையிருத்தலை அன்றுதான் அறிந்து, மீண்டும் மீண்டும் அவரிடம் சென்றார். முதலியார் தம்மிடமிருந்த சீவகசிந்தாமணிக் கையெழுத்துப் படியைக் கொடுத்தார். ஆராய்ச்சி தொடங்கிய இடம் இதுவே.

அப்படியைப் படிக்கப் புகுந்த ஐயருக்கு ஒன்றும் எளிதில் விளங்கவில்லை. இன்றைய அச்சுப் புத்தகத்தைப் படிப்பார்க்கு அத்துன்பத்தின் அளவு தெரியாது. ஓலையில் எழுதுவோர், எழுத்தாணி ஓலையைக் கிழித்துவிடுமென்று மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வடிவில் வேறுபாடு இல்லை. ஆதலின் எரியென்பதும் ஏரியென்பதும் ஓலையில் ஒன்றே. கொடு என்பதும் கோடு என்பதும் ஒன்றே. நெடிலைக் காட்டும் காலும் ரகரமும் ஒரே வடிவின. செய்யுள் எங்கே முடிந்தது, உரை எங்கே தொடங்கியது என்பதும் தோன்றாது. எல்லாம் ஒருசேர ஓடிக்கொண்டிருக்கும். இவற்றின்மேல், படியெடுத்தோர் செய்த பிழைகளும் செல்லரித்த துளைகளும் வேறு.

எழுத்து விளங்கிய பின்னும் பொருள் விளங்கவில்லை. சிந்தாமணி சமண சமயக் காவியம். அச்சமயத்தின் கொள்கைகளையும் குறியீட்டுச் சொற்களையும் ஐயர் கற்ற எந்நூலும் உரைக்கவில்லை. ஊகித்து உரை கூறலாம், கேட்பாரும் ஒப்புக்கொள்வர். ஐயர் அவ்வாறு செய்திலர். அந்நூலைப் போற்றிப் படிக்கும் சமணர் கும்பகோணத்திலேயே வாழ்கின்றனர் என்று கேள்வியுற்று, அவர்கள் இருக்கும் தெருவை நாடிச் சென்றார். சந்திரநாத செட்டியார் என்பவரது இல்லத்தில் அன்று மாவிலைத் தோரணம் கட்டப்பெற்றிருந்தது. காரணம் வினவ, அவ்வீட்டில் தொடர்ந்து நடைபெற்றுவந்த சிந்தாமணிப் பாராயணம் அன்று நிறைவெய்தியது என்றனர். தமிழாசிரியரெல்லாம் அறியாதிருந்த நூலை வணிகர் ஒருவர் வீட்டில் தலைமுறை தலைமுறையாகப் படித்துவந்தனர்! கல்லூரி ஆசிரியராகிய ஐயர் மாணவர்போல் அவர்களிடம் அமர்ந்து ஐயங்களைக் கேட்டுக் கேட்டுத் தெளிந்தார்.

சிந்தாமணிக்கு நச்சினார்க்கினியர் எழுதிய உரையில் மேற்கோள்கள் மலிந்திருந்தன. அவை எந்நூலிற் பயின்றவை என்று உரையாசிரியர் பெரும்பாலும் கூறவில்லை. அவர் காலத்தார்க்கு அது கூறாமலே விளங்கியது போலும். திருவாவடுதுறை மடத்துச் சுவடிகளை ஐயர் துருவிப் பார்த்தபோது சங்கச் செய்யுட்கள் அடங்கிய பழஞ்சுவடிகள் கிடைத்தன. அவற்றைப் படிக்கப் படிக்க, உரையிற் கண்ட மேற்கோள்கள் ஒவ்வொன்றாக அவற்றில் எதிர்ப்பட்டன. இவ்வாறு ஒரு நூல் மற்றொரு நூலுக்குச் சான்றாதலைக் கண்ட ஐயர், அருஞ்சொற்களையும் ஒத்த கருத்துள்ள அடிகளையும் இடங்குறித்து எழுதி வைத்துக்கொண்டார். குறிப்பெடுத்தலை இழிந்த வேலையாக நினைக்கும் மாணவர் இதனை ஊன்றி நோக்குவாராக. அவர் பதிப்புக்களின் அடிக்குறிப்பிலும் அரும்பத அகராதியிலும் காணப்படும் செல்வமெல்லாம் இவ்வாறு சிறுகச் சிறுகச் சேர்ந்ததே.

ஒரு படியை மட்டும் நம்பி நூலைப் பதிப்பித்தல் ஆகாது என்பது ஐயருக்கு விரைவிற் புலப்பட்டது. ஒன்றில் பிழைபட்ட இடம் மற்றொன்றில் திருத்தமாக இருக்கலாம். ஆதலின் கடிதங்கள் எழுதியும் நேரிற் சென்றும் படிகள் தேடினார். கல்லூரி விடுமுறைகள் பிரயாணத்தில் கழிந்தன. புகைவண்டி செல்லாத ஊர்களுக்கு மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் சென்றார். திருநெல்வேலிப் பக்கத்தில் கவிராயர்களின் வீடுகளில் ஏடு தேடினார். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பழைய சுவடிகள் மிகுதியாக உண்டென்று கேட்டு ஆவலோடு அங்கே சென்றவர்க்கு, சிதைந்த ஏடுகளை நெய்யில் தோய்த்துத் தீயில் இடவேண்டுமென்னும் விதிப்படி அவையனைத்தும் எரிக்கப்பட்டன என்னும் விடை கிடைத்தது. செய்தவர் பக்தியினாலேயே செய்தனர். அறியாமை பகையினும் கொடியது என்பதற்கு வேறு சான்று வேண்டா. அத்தீயில் எந்நூல் எரிந்தது என்று இனி எவரும் சொல்லுதல் இயலாது.

இவ்வாறு சிந்தாமணிக்கு இருபதுக்கு மேற்பட்ட படிகள் சேர்ந்தன. ஒருவர் ஒரு படியை உரக்கப் படிக்க, ஏனையோர் தத்தம் கையிலுள்ள படிகளை நோக்கி வேறுபாடு கண்ட இடத்தில் நிறுத்துவர். அவ்வேறுபாடே பாடபேதம் எனப்படும். எது பொருளோடும் யாப்போடும் உரையோடும் பொருந்துகின்றது என்று ஆராய்ந்து ஐயர் ஒன்றைக் கொள்வார். தாம் கொள்ளாத பாடத்தையும் தக்கதாயின் குறித்து வைப்பார். பின்வருவோர் தம் முடிவை மறுக்கவும் வேண்டிய கருவியை அவர்களிடமே கொடுத்துச்சென்றார் என்க. அச்சுக்கூலிக்கும் தாளுக்கும் பொருள் இன்றி அன்பர்களின் கையொப்பத் தொகையை நம்பிச் சென்னைக்கும் கும்பகோணத்திற்குமாக அலைந்து, 1887 ஆம் ஆண்டில் சீவகசிந்தாமணி முழுவதையும் நச்சினார்க்கினியர் உரையுடன் வெளியிட்டார். ஏட்டிலிருந்த நூல்களை அச்சேற்றியவர் ஐயர் ஒருவரே அல்லர். ஆறுமுக நாவலரும் சி. வை. தாமோதரம் பிள்ளையும் அவருக்கு முன்னரே அப்பணியில் இறங்கியவர்கள். எனினும் ஒரு பழைய நூலை அச்சிடுமுன் என்னென்ன ஆராயவேண்டும் என்பதற்கு ஐயர் பதிப்புக்களே அளவுகோலாயின.

பத்துப்பாட்டை 1889 இல் வெளியிட்டார். அத்தொகையிலுள்ள குறிஞ்சிப்பாட்டில், தலைவியும் தோழியும் பறித்துக் குவித்த பூக்களின் பெயர்கள் அடுக்கி வரும் பகுதியிற் சில பெயர்கள் கையிலிருந்த ஏடுகளில் விடுபட்டிருந்தன. ஐயர் செய்யுள் இயற்றுதலிலும் தேர்ந்தவர். யாப்புக்குப் பொருந்த நான்கு பூப்பெயர்களை இட்டு நிரப்பியிருப்பின் கண்டுபிடிப்பார் யார்? அவர் அங்ஙனம் செய்யாது, தருமபுர மடத்தில் கட்டுக் குலைந்து கிடந்த ஒற்றை ஏடுகளை ஒவ்வொன்றாகப் புரட்டி, விடுபட்ட பகுதியைக் கண்டெடுத்தார். கபிலர் சொன்ன பூக்களே இன்று நம் புத்தகங்களில் உள்ளன.

மணிமேகலை வேறுவகைத் தொல்லை தந்தது. அது எச்சமயத்து நூல் என்பதே முதலில் அவருக்குப் புலப்படவில்லை. கும்பகோணம் கல்லூரியில் உடன் பணியாற்றிய மளூர் ரங்காசாரியர் அதனைப் பௌத்த நூல் என்று உணர்ந்து கூறினார். சிந்தாமணிக்குச் சமணர் அயலிலேயே இருந்தனர். பௌத்தரைத் தமிழ்நாட்டில் எங்கே தேடுவது? ரங்காசாரியர் பௌத்தத்தைப் பற்றிய ஆங்கில நூல்களைப் படித்துப் பொருள் சொல்ல, ஐயர் கேட்டு எழுதிக்கொண்டார். 1892 இல் சிலப்பதிகாரமும் 1894 இல் புறநானூறும் வெளிவந்த பின்னர், 1898 இல்தான் மணிமேகலை வெளிவந்தது.

தேடியும் கிடைக்காதவை பல. புறநானூற்றில் 267, 268 ஆம் பாட்டுக்கள் கிடைத்தில. 1904 இல் வெளிவந்த பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் இறுதிப்பத்தும் இல்லை. 1918 இல் பரிபாடலையும் 1924 இல் முதலும் முடிவும் இல்லாத பெருங்கதையையும் குறையுடையவாகவே உலகிற்கு அளித்தார். குறையை மறைத்து நூலை முழுமைபோல் காட்டும் சாதுரியம் அவரிடம் இல்லை.

1903 இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறிய ஐயர் 1919 இல் ஓய்வு பெற்றார். ஓய்வு என்பது பெயரளவேயாம். சென்னைப் பல்கலைக்கழகம் 1932 இல் டாக்டர்ப் பட்டம் வழங்கிச் சிறப்பித்தது. புதிய படியோ புதிய சான்றோ கிடைக்குந்தோறும் தம் பழைய பதிப்புக்களைத் தாமே திருத்தி மறுபதிப்பு வெளியிட்டுவந்தார். குறுந்தொகையைத் தம் விரிவான உரையோடு 1937 இல் பதிப்பித்தபோது அவருக்கு அகவை எண்பத்திரண்டு. 1942 ஆம் ஆண்டு ஏப்ரல் 28 ஆம் நாள் திருக்கழுக்குன்றத்தில் அவர் காலமானார். அடுத்த ஆண்டில் அவர் பெயரால் ஒரு நூல்நிலையம் நிறுவப்பெற்றது. அவர் திரட்டிய சுவடிகளும் எழுதிய குறிப்புக்களும் சென்னைப் பெசன்ட் நகரிலுள்ள அந்நூல்நிலையத்தில் இருக்கின்றன. பதிற்றுப்பத்தின் முதற்பத்தும் இறுதிப்பத்தும் இன்னும் அகப்படவில்லை.