பத்து ரூபாயும் ஒரு பழம்புடவையும்

கல்லூரியில் சேர்ந்த முதலாண்டில் நான் ஒரு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தேன். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பயின்ற மாணவியர்க்கு மாதம் 1000 ரூபாய் வழங்குவதற்கென 2022ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற திட்டம் அது. அதன் தலைப்பில் நீண்டதொரு பெயர் இருந்தது: மூவலூர் இராமாமிர்தம் அம்மையார். முதல் மாதப் பணம் வங்கியில் ஏறியதும் செருப்பு வாங்கினேன். அந்தப் பெயருக்கு உரியவர் யார் என்று ஒரு கணமும் எண்ணினேனில்லை. நம் வகுப்பில் பலரும் என்னைப் போன்றவர்களே ஆதலால், இந்த வெட்கத்தை நாம் பங்கிட்டுக் கொள்ளலாம்!

என் அக்காளுக்கும் அப்பெயர் புதிதன்று. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய அவளுக்கு 2017இல் மணம் முடித்தபோது, தாலிக்கென 8 கிராம் தங்கம் கிடைத்தது. 1989இல் இதே அம்மையார் பெயரில் அரசு தொடங்கிய திருமண உதவித் திட்டத்தின் வழியாகவே அது வந்தது. வீட்டுக்கு இருமுறை உதவ வந்தவரை யாரென்று கேளாதிருப்பது தகாது என்று இவ்வாண்டுதான் எனக்குத் தோன்றியது. தேடிப் படித்தேன்.

அம்மையார் 1883இல் திருவாரூர்ப் பகுதியில் ஓர் ஏழை இசை வேளாளர் குடும்பத்தில் பிறந்தார். வறுமை அக்குடும்பத்தைச் சிதைத்தது. விவரம் அறியாச் சிறுமியாக இருந்தபோதே, மயிலாடுதுறைக்கு அருகிலுள்ள மூவலூரில் ஒரு தாசியின் வீட்டுக்கு அவரை விற்றுவிட்டார்கள். விலை பத்து ரூபாயும் ஒரு பழம்புடவையும். இந்த வரியைப் படித்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். மாதந்தோறும் என் கணக்கில் ஏறும் பணம் அவ்விலையைப்போல் நூறு மடங்கு.

விலைக்கு வாங்கிய சிறுமியருக்கு ஆடலும் பாடலும் கற்பிப்பார்கள். பின்னர், இறைவனுக்கு மணமகள் என்று சொல்லிப் பொட்டுக் கட்டுவார்கள். அதுவும் ஒரு தாலிதான். ஆனால் அது கட்டப்பட்ட பெண் வேறு எவரையும் மணக்க இயலாது. ஊரிலுள்ள செல்வர் ஒருவரின் ஆதரவில் வாழ வேண்டும். கோயில் ஊழியத்துக்கென அவ்வீடுகளுக்கு மானிய நிலம் இருந்தது. ஊழியம் நின்றால் நிலமும் போய்விடும். ஆகவே ஒருத்தி முதுமையடைந்தால் அடுத்தவள் அவ்விடத்துக்கு வந்தாக வேண்டும். பெற்ற மகள் இல்லையேல் வாங்கிய மகள்! பக்தியின் பெயரால் நடந்த இம்முறையை நிலத்தின் கணக்கு தாங்கி நின்றது.

இராமாமிர்தத்துக்குப் பருவம் வந்தபோது வயது முதிர்ந்த ஒருவருக்கு அவரை ஒப்புவிக்க ஏற்பாடாயிற்று. அவர் இணங்கவில்லை. தமக்கு இசையும் நடனமும் பயிற்றுவித்த சுயம்பு பிள்ளையைத் தாமே விரும்பி மணந்துகொண்டார். தப்பி வந்தவர் அத்துடன் தம் இல்லறத்தைப் பார்த்துக்கொண்டு அமைதியாக இருந்திருக்கலாம். எவரும் குறை கூறியிருக்க மாட்டார். அவரோ, தாம் விட்டு வந்த வீடுகளுக்கே மீண்டும் சென்றார். இம்முறை அங்கிருந்த மற்றவர்களை அழைத்து வருவதற்காக.

இன்று ஆற்றுப்படுத்துநர் என்று ஒரு பணியைச் சொல்கிறோம். கொடுமைக்கு ஆளானோரின் அருகமர்ந்து, அச்சம் தெளிவித்து, வெளியேறும் வழியைக் காட்டுவது அவர்கள் தொழில். பட்டமோ பதவியோ இன்றி அம்மையார் அப்பணியைச் செய்தார். முதலில் காங்கிரசிலும், 1925க்குப் பின் சுயமரியாதை இயக்கத்திலும் இருந்து, தஞ்சை மாவட்ட ஊர்களில் பொட்டுக்கட்டும் வழக்கத்துக்கு எதிராகப் பேசினார். வெளியிலிருந்து வந்த சீர்திருத்தக்காரரிடம், உனக்கென்ன தெரியும் என்று அப்பெண்கள் கேட்டுவிடலாம். விலை போன ஒருத்தியிடம் அவ்வாறு கேட்க இயலுமா? தங்கள் நிலை தலைவிதி என்றும், தெய்வ கட்டளை என்றும் நம்பியிருந்தவர்களுக்கு, அது மனிதர் செய்த வாணிபமே என்பதை எடுத்துக்காட்ட அவர் வாழ்க்கையே போதுமானதாக இருந்தது. வெளியே வந்தவர் தனித்து வாழ முடியாதே என்பதையும் அவர் அறிந்திருந்தார். ஆதலால் திருமணம் செய்துகொண்டு இல்லறம் ஏற்கும்படி வற்புறுத்தினார்.

இதனால் வருவாய் இழந்தவர்கள் சும்மா இருப்பார்களா? அவர் கூந்தலை அறுத்தார்கள். நஞ்சிட்டும் பார்த்தார்கள் என்று அவர் வாழ்க்கையை எழுதியோர் பதிவு செய்திருக்கிறார்கள். அறுபட்ட கூந்தலை அவர் மீண்டும் வளர்க்கவில்லை; கிராப்புத் தலையுடனேயே மேடையேறினார்.

அதே காலத்தில் சென்னைச் சட்டமன்றத்தில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி போராடிக்கொண்டிருந்தார். 1927இல் அவர் கொண்டுவந்த தீர்மானமும், மானிய நிலத்தைக் கோயில் ஊழியத்திலிருந்து விடுவித்த 1929ஆம் ஆண்டுச் சட்டமும், 1947இல் பொட்டுக்கட்டுதலைத் தடை செய்த சட்டமும் நாம் பாடத்தில் படித்தவை. மூவலூரார் பெயரைப் பாடத்தில் படித்ததாக எனக்கு நினைவில்லை. சட்டம் வாயிலைத் திறக்கும். உள்ளே அஞ்சி அமர்ந்திருப்பவரை எழுப்பிக் கூட்டி வர ஆள் வேண்டுமல்லவா?

1936இல் தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர் என்னும் நாவலை வெளியிட்டார். தாமும் தம்மைச் சார்ந்தோரும் பட்டதையே கதையாக்கினார். வலையிலிருந்து விடுபட்ட பெண்களே பிறரை மீட்கக் கிளம்புவது அதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஆயினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சில இடங்களில் நாவல் தாசியரைச் சாடும் வேகத்தில், அவர்களும் ஒரு காலத்தில் வாங்கப்பட்ட சிறுமியர்தாம் என்பது மறைந்துபோகிறது. பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்ற கலைவாணர் அச்சட்டங்களை எதிர்த்தனர் என்பதையும் நாம் மறத்தலாகாது. தம் கலைக்கும் சொத்துரிமைக்கும் கேடு வருமென்று அவர்கள் கவலைப்பட்டதில் நியாயம் இல்லாமலில்லை. எனினும், விற்கப்பட்ட குழந்தையின் பக்கம் நின்று பார்க்கும்போது என் மனம் அம்மையாரிடமே செல்கிறது.

1938இல் இந்தி எதிர்ப்புக்காகத் திருச்சியிலிருந்து சென்னை வரை நடந்த படையில் அவரும் நடந்தார். அப்போது அவர் வயது ஐம்பத்தைந்து. அதே ஆண்டில் சிறையும் சென்றார். 1949இல் தி.மு.க. தோன்றியபின் அதில் பணியாற்றினார். 1962 சூன் 27 அன்று மறைந்தார்.

பொங்கல் விடுமுறைக்கு ஊர் சென்றபோது இவற்றை அக்காளிடம் சொன்னேன். அவள் தாலியைக் கையில் எடுத்துச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்பு அந்த நாவலைப் படித்துக் காட்டச் சொன்னாள். இரவு பாத்திரங்கள் கழுவியபின் நாளொன்றுக்கு ஓர் அத்தியாயமாகப் பாதி முடித்தோம். மீதியை விடுதியில் தனியே படித்துவிடக் கூடாது என்று சொல்லி, புத்தகத்தை அவளே வைத்துக்கொண்டாள்.