திருவுளச்சீட்டும் கணிதமும்: மகலனோபிஸ் சரித்திரம்

திண்டுக்கல் மலைக்கோட்டையின்மேல் நின்று நோக்குவார்க்குச் சிறுமலைக்கும் கொடைக்கானல் மலைக்கும் இடையே பரந்த சமவெளி நன்கு புலப்படும். அவ்வெளியில் ஓராண்டு விளைந்த நெல் எவ்வளவென வினவினால் எங்ஙனம் விடை கூறுவது? வயல்தோறும் சென்று அளத்தல் அரிது. சில வயல்களை மட்டும் பார்க்கலாமெனின், பார்ப்பவர் சாலையோரத்து வயலையும் கிணற்றடிப் பயிரையுமே நாடுவர், கணக்குப் பொய்த்துப்போம். ஆதலின் இக்காலத்தில் தற்செயல் எண்களைக்கொண்டு, திருவுளச்சீட்டுப் போடுவதுபோல, வயல்களைத் தெரிந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் பக்கத்துக்கு 5 மீட்டர் கொண்ட சதுரத்தை மட்டும் அறுத்து நிறுக்கின்றனர். இத்தகைய மாதிரிக் கணக்கு நம் நாட்டில் வேரூன்ற உழைத்தவருள் தலையாயவர் பிரசாந்த சந்திர மகலனோபிஸ் ஆவர்.

இவர் 1893-ஆம் ஆண்டு ஜூன் 29-ஆம் தேதி கல்கத்தா நகரிற் பிறந்தார். பிரஸிடென்ஸி கலாசாலையில் பௌதிகம் பயின்று, 1913-இல் கேம்பிரிட்ஜ் சேர்ந்தார். அங்கே நம் கணித மேதை இராமாநுஜனுக்கு உற்ற நண்பரானார். குளிரில் நடுங்கிய இராமாநுஜனுக்குக் கம்பளிகளினுட் புகுந்து உறங்கும் வகையைக் காட்டிக்கொடுத்தவர் இவரே. தாயகம் திரும்புங்கால் பயோமெட்ரிகா என்னும் சஞ்சிகையின் தொகுதிகளை வாங்கிவந்து கப்பலிலேயே படிக்கலானார். பௌதிக ஆசிரியரின் நெஞ்சு புள்ளியியலிற் படிந்தது இவ்வாறே.

1926-இல் ஒரிஸ்ஸாவில் பெருவெள்ளம் வந்தபோது, ஆற்றின் அடித்தளம் உயர்ந்துவிட்டதென்று எண்ணிய பொறியியலார் கரைகளை உயர்த்த விழைந்தனர். பல்லாண்டு மழைக்கணக்கை ஆராய்ந்த மகலனோபிஸ் அக்கருத்துப் பிழையென்று காட்டினார். 1931-இல் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவினார். 1936-இல் இவர் வெளியிட்ட தொலைவளவை இன்றும் இயந்திரக் கற்றலில் இவர் பெயராலேயே வழங்குகிறது.

எனினும் இவர்தம் ஆற்றல் முழுதும் வெளிப்பட்டது வங்காளத்துச் சணற் கணக்கிலேயாம். 1937-இல் அது சோதனையாகத் தொடங்கிற்று. சணல் விளைவைப் பிழையாக மதித்தால் குடியானவனும் வியாபாரியும் ஒருங்கே கெடுவர். மகலனோபிஸ் கிராமப் படங்களில் தற்செயலாகப் புள்ளிகளிட்டு, அவ்விடங்களிலுள்ள சிறு சதுரங்களை மட்டும் ஆட்கள் பார்த்துவருமாறு ஏற்பாடு செய்தார். சர்க்கார் பணத்தைச் சீட்டுக்குலுக்கலில் ஒப்படைப்பதா என்ற ஐயம் எழுந்தது இயல்பே. மத்தியாவை அப்போஸ்தலராகத் தெரிந்துகொள்ளச் சீட்டுப்போட்ட வரலாற்றை வேதத்தில் வாசித்த நமக்கும் அவ்வையம் எழாமலிராது. ஐயத்துக்கு அவர் கண்ட மருந்து மிக அழகியது. ஒரே நிலப்பரப்புக்கு இரு கூட்டத்தாரை அனுப்பினார். ஒருவர் மாதிரியை மற்றவர் அறியார். இரண்டு விடைகளுக்குமுள்ள வேற்றுமையே பிழையின் அளவைக் காட்டிவிடும்! பிற்பாடு சர்க்கார் புலம் புலமாக எடுத்த முழுக் கணக்கைக் காட்டிலும் இவர்தம் மாதிரிக் கணக்கே ஆலைகளும் ஏற்றுமதியும் காட்டிய தொகையோடு நெருங்கிநின்றது. செலவோ பன்மடங்கு குறைவு.

1945-இல் ராயல் சொஸைட்டியார் இவரை அங்கத்தினராக ஏற்றனர். 1950-இல் தேசிய மாதிரிக் கணக்கெடுப்புத் தொடங்கிற்று. 1956-இல், இந்தியா கண்ட முதல் மின்னணுக் கணிப்பொறி இவர் கழகத்துக்கே வந்துசேர்ந்தது. 1972-ஆம் ஆண்டு ஜூன் 28-ஆம் தேதி, எழுபத்தொன்பது வயது நிறைதற்கு ஒருநாள் முன்னர், இவர் காலமானார்.

இவர் மறைந்து 25 ஆண்டு கழித்து, 1997-இல், அந்திரே பிரோடர் என்பார் கோடிக்கணக்கான பக்கங்களுள் ஒத்தவற்றைக் கண்டுபிடிக்கும் முறையொன்றை வெளியிட்டார். பக்கத்திலுள்ள சொற்றொடர் ஒவ்வொன்றையும் ஹாஷிங் என்னும் சிதறடிக்கும் விதியால் ஓர் எண்ணாக மாற்றி, மிகச் சிறிய எண்ணை மட்டும் வைத்துக்கொள்ளுவர். ஒரு விதியின் விடையை நம்பலாகாது. ஆதலின் வெவ்வேறான பல விதிகளால் அதனைத் திரும்பத் திரும்பச் செய்வர். இரு பக்கங்களின் சிற்றெண்கள் நூறு விதிகளுள் எண்பதில் ஒத்தால், இரண்டிலுமுள்ள தொடர்களுள் ஏறக்குறைய நூற்றுக்கு எண்பது பங்கு பொதுவென்று கொள்ளலாம். இயந்திரங்களுக்கு மொழி கற்பிக்கத் திரட்டும் நூற்குவியலில் இரட்டித்தவற்றைக் களைய இம்முறை வழங்குகிறது. முழுவதையும் ஒப்பிடாது, தற்செயலாய் எடுத்த சிறுபகுதியை ஒன்றையொன்று சாராத பல வழிகளிற் கண்டு பிழையை மட்டுப்படுத்தும் இக்கொள்கை, வங்காளத்து வயல்களில் இரு கூட்டத்தாரை அனுப்பியவருக்குப் புதிதாயிராது.