ஹாரி ஸ்டைன்

வாணவேடிக்கையைக் கண்டு மகிழாத சிறுவர் இலர். சீறிக்கொண்டு மேலெழும் வாணத்தைக் காணுந்தோறும், அத்தகைய ஒன்றைத் தாமே செய்து ஏவிப் பார்த்தல் வேண்டும் என்னும் அவா அவர்தம் உள்ளத்தில் எழுதல் இயல்பு. அவ்வவா அறிவை வளர்ப்பதும் உண்டு. கையையும் கண்ணையும் கவர்ந்து செல்வதும் உண்டு. 1950ஆம் ஆண்டுகளில் அமெரிக்க நாட்டுச் சிறுவர்களிடையே இவ்வவா காட்டுத் தீயெனப் பரவியது. அதனை அணைக்க முயலாமல், விளக்கில் ஏற்றிய சுடர்போலப் பயன்படுமாறு செய்தவர் ஹாரி ஸ்டைன் என்னும் பொறியியல் அறிஞர்.

ஜார்ஜ் ஹாரி ஸ்டைன் 1928ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 26ஆம் நாள் பிலடெல்பியா நகரில் பிறந்தார். கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரில் வளர்ந்தார். இயற்பியல் பயின்று, 1952ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். விண்வெளிப் பயணத்தைப் பற்றிய கற்பனைக் கதைகள் புனைவதிலும் அவருக்கு இளமை தொட்டே விருப்பம் மிகுதி. லீ கோரி என்னும் புனைபெயரில் அவர் எழுதிய கதைகளைச் சிறுவர்கள் விரும்பிப் படித்தனர்.

நியூ மெக்சிகோ மாநிலத்தில் வெண்மணல் பரந்த பாலைநிலம் ஒன்று உண்டு. அங்கே 'ஒயிட் சாண்ட்ஸ்' என்னும் ராக்கெட்டுச் சோதனைக் களம் அமைந்திருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் ஜெர்மனியிலிருந்து கொண்டுவரப்பட்ட வி-2 ராக்கெட்டுகள் 1946ஆம் ஆண்டு முதல் ஏவப்பட்ட இடம் அது. ஸ்டைன் 1952ஆம் ஆண்டில் அக்களத்தில் பணியேற்றார். பின்னர்க் கடற்படையினரின் சோதனைகளை நடத்தும் பிரிவுக்குத் தலைவராகவும் உயர்ந்தார். பல டன் எரிபொருளைச் சுமந்து நிற்கும் ராக்கெட்டின் அருகில் நாள்தோறும் வேலை செய்வோர் ஊறின்றி வீடு திரும்புவது எதனால் என்பதை அவர் அங்கே கண்டறிந்தார். ஏவுமுன் ஒவ்வொன்றையும் சரிபார்ப்பர், ஆட்களை அப்புறப்படுத்துவர், எண்களைத் தலைகீழாக எண்ணுவர், ஐயம் சிறிது தோன்றினும் ஏவுதலை நிறுத்திவிடுவர். அச்சத்தைப் போக்கியது துணிவு அன்று, ஒழுங்கே.

களத்திற்கு வெளியே நிலைமை வேறாக இருந்தது. ராக்கெட்டு மோகம் கொண்ட சிறுவர்கள் இரும்புக் குழாய்களை எடுத்துக்கொண்டனர். தீக்குச்சி மருந்தைச் சுரண்டியோ, துத்தநாகத் தூளையும் கந்தகத்தையும் கலந்தோ அக்குழாய்களில் இடித்து நிரப்பினர். இளங்கன்று பயமறியாது அல்லவா? குழாய் பறந்தால் ராக்கெட்டு; பறவாவிடில் வெடிகுண்டு. வெடித்த குழாயின் இரும்புச் சில்லுகள் பட்டு விரல் இழந்தோரும் கண் இழந்தோரும் உளர், உயிரிழந்தோரும் உளர். இத்தகைய முயற்சிகளை அறவே தடைசெய்தல் வேண்டும் என்றனர் ஒரு சாரார். பெரியோர் மேற்பார்வையில் சிறுவர்களே மருந்து கலக்கலாம் என்றனர் மற்றொரு சாரார். தடுத்தால் சிறுவர்கள் மறைவிடம் தேடிச் செய்வர். விட்டாலோ கைகால் இழப்பர். இரண்டிற்கும் இடைப்பட்ட வழி எதுவும் அந்நாளில் புலப்படவில்லை.

1957ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ஸ்டைன், ராக்கெட்டுப் பணியில் கையாளப்படும் பாதுகாப்பு முறைகளைப் பற்றி ஓர் இதழில் கட்டுரை வரைந்தார். அதனைப் படித்தவர்களுள் ஆர்வில் கார்லைல் என்பவரும் ஒருவர். அவர் நெப்ராஸ்கா மாநிலத்தில் நார்போக் என்னும் சிற்றூரில் காலணிக் கடை வைத்திருந்தார். வாணவேடிக்கையில் அவருக்குப் பேரீடுபாடு உண்டு. அவருடைய உடன்பிறந்தார் ராபர்ட் என்பவர் மாதிரி வானூர்திகளை இயக்குவதில் வல்லவர். ராக்கெட்டு பறக்கும் முறையை மக்களுக்குக் காட்டி விளக்க ராபர்ட்டுக்கு ஒரு சிறு கருவி வேண்டியிருந்தது. அதன் பொருட்டு 1954ஆம் ஆண்டில் ஆர்வில் ஒரு சிறு ராக்கெட்டைச் செய்தார். அதற்கு 'ராக்-எ-சூட்' என்று பெயரிட்டார். கட்டுரையைக் கண்டதும் ஸ்டைனுக்கு மடல் எழுதித் தம் ராக்கெட்டுகளையும் அனுப்பிவைத்தார். ஸ்டைன் அவற்றை ஏவிப் பார்த்தார். தாம் தேடிய இடைவழி ஒரு காலணி வணிகரின் கைவண்ணத்தில் இருப்பதைக் கண்டு வியந்தார்.

அந்த ராக்கெட்டின் அமைப்பைச் சற்று விரிவாகக் காண்போம். அதன் உடல் தாளால் ஆன குழல். முனையும் இறக்கைகளும் மெல்லிய மரத்தால் ஆனவை. உள்ளே விரல் அளவான மற்றொரு தாட்குழல் உண்டு. அதுவே பொறி. அதன் அடிவாய் களிமண்ணால் அடைக்கப்பட்டு, நடுவே சிறு துளை விடப்பட்டிருக்கும். அதற்கு மேல் இறுக்கி அடைத்த கருமருந்து. மருந்து எரியுங்கால் எழும் வளி துளை வழியே கீழ்நோக்கிச் சீற, ராக்கெட்டு மேல்நோக்கி எழுகின்றது. நியூட்டனின் மூன்றாம் விதி கண்முன் நிகழும் இடம் அஃது. மருந்து ஓரிரு நொடிக்குள் எரிந்து தீர்ந்துவிடும். ஆயினும் பெற்ற விசையால் ராக்கெட்டு மேலும் உயரும். அப்போது பொறியினுள் மெல்ல எரியும் மற்றொரு மருந்து, விசை தராமல் புகையை மட்டும் கக்கிக் காலத்தைக் கடத்தும். ராக்கெட்டு உச்சியை அடையும் வேளையில் மூன்றாவது மருந்து சிறிது வெடித்து, முனையைத் தள்ளி, உள்ளே மடித்து வைத்த சிறு குடையை வெளியேற்றும். குடை விரிய, ராக்கெட்டு ஆடி அசைந்து தரையிறங்கும். எரிந்த பொறியை எடுத்துவிட்டுப் புதியதைச் செருகினால் மீண்டும் பறக்கும். குழல் வெடித்தாலும் சிதறுவது தாளேயன்றி இரும்பு அன்று. எல்லாவற்றினும் மேலாக, மருந்தைக் கலந்து அடைப்பது பட்டறை வல்லுநரின் வேலை. அதனைச் சிறுவர் தொடவேண்டுவதில்லை.

1957ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 4ஆம் நாள் சோவியத் நாடு ஸ்புட்னிக் என்னும் செயற்கைத் துணைக்கோளை ஏவியது. அந்நாளில் ஸ்டைன், டென்வர் நகரில் ராக்கெட்டு செய்யும் நிறுவனம் ஒன்றில் பணிபுரிந்துவந்தார். தம் நாடு பின்தங்கிவிட்டது என்பதைச் செய்தியாளரிடம் அவர் ஒளிக்காமல் கூறினார். அதன் விளைவாக வேலையை இழந்தார். உண்மை உரைத்தமைக்கு அவர் கொடுத்த விலை பெரிது. எனினும் அவர் சோர்ந்துவிடவில்லை. அவ்வாண்டின் இறுதிக்குள், மாதிரி ராக்கெட்டுகளை விற்பதற்கென உலகிலேயே முதலாவதான நிறுவனத்தைத் தொடங்குவதில் பங்குகொண்டார். தேசிய ராக்கெட்டுக் கழகத்தையும் தோற்றுவித்தார்.

ஸ்புட்னிக்கின் விளைவால் எங்கும் ராக்கெட்டுப் பேச்சாயிற்று. சிறுவர்கள் விரும்பிக் கேட்டனர். ஆனால், போதிய பொறிகள் கிடைத்தில. வாணக்காரர் கையால் செய்து தந்தவை ஒன்று போல் ஒன்று இருக்கவில்லை. வாணத் தொழிற் குடும்பத்தில் பிறந்த வெர்னன் எஸ்டெஸ் என்பவர் இக்குறையைப் போக்க முன்வந்தார். அவர் அமைத்த இயந்திரம், அழுத்தப்பட்ட காற்றின் வலிமையால் ஐந்தரை நொடிக்கு ஒரு பொறியாக ஒரே தரத்தில் செய்து தள்ளியது. அதற்கு 'மேபெல்' என்று பெண்பெயர் சூட்டி மகிழ்ந்தனர். எஸ்டெஸ் பின்னர்த் தாமே தனி நிறுவனம் கண்டு பெரிதும் தழைத்தார். ஸ்டைன் பங்குகொண்ட நிறுவனமோ சில ஆண்டுகளில் மூடப்பட்டது. வணிகத்தில் அவர் தோற்றார் என்றே கூறவேண்டும்.

ஆனால் கழகம் வளர்ந்தது. 10 ஆண்டுகள் அதன் தலைவராக இருந்த ஸ்டைன், ஒயிட் சாண்ட்ஸில் கற்ற ஒழுங்கைச் சிறுவர்க்கேற்ற விதிகளாக வடித்துத் தந்தார். மருந்தைத் தாமே கலத்தல் ஆகாது. உலோக உடல் ஆகாது. திரியில் தீ வைத்தல் ஆகாது. தொலைவில் நின்று மின்கலத்தால் பற்றவைத்தல் வேண்டும். ராக்கெட்டு மெல்லத் தரையிறங்குதற்கு வழி செய்தல் வேண்டும். எடை 453 கிராமுக்கு மிகுதல் கூடாது என்பன அவற்றுட் சில. பல மாநிலங்களில் சட்டம் இவ்வாணச் சிறுபொறியையும் பட்டாசையும் ஒன்றாகவே கருதியது. இரண்டும் வேறு என்று தீயணைப்பு அதிகாரிகளுக்கு எடுத்துரைத்து இசையச் செய்வதில் கழகத்தார்க்குப் பல்லாண்டு உழைப்பு வேண்டியிருந்தது.

1959ஆம் ஆண்டில் டென்வர் நகரை அடுத்து முதற் போட்டி நடைபெற்றது. அதன் பின்னர் ஊர்தோறும் மன்றங்கள் எழுந்தன. விடுமுறை நாளில் வெட்டவெளியில் சிறுவரும் தந்தையரும் கூடுவர். ஒருவன் தன் ராக்கெட்டை நிறுத்திவிட்டுப் பின்னே வருவான். வானத்தில் ஊர்தி ஏதேனும் உண்டா என்று நோக்குவர். பின்னர் ஐந்து, நான்கு, மூன்று என்று எண்ணுவர். இருபுறமும் தொலைவில் நிற்கும் இருவர் ராக்கெட்டு உச்சியை அடைந்த கோணங்களை அளந்து கூறுவர். அவற்றைக்கொண்டு அதன் உயரத்தைக் கணக்கிடுவர். வகுப்பறையில் கசந்த முக்கோணக் கணிதம் அவ்வெளியில் இனித்தது. கோழி முட்டையை ராக்கெட்டில் வைத்து அனுப்பி, உடையாமல் இறக்கும் போட்டியும் பின்னாளில் தோன்றியது. முட்டை உடைந்தபோது எழுந்த சிரிப்பு, இறங்கியபோது எழுந்த கைதட்டலுக்குக் குறைந்ததன்று.

ஸ்டைன் 1965ஆம் ஆண்டில் மாதிரி ராக்கெட்டுக் கலைக்கென விரிவான கைந்நூல் ஒன்றை வெளியிட்டார். பல பதிப்புகள் கண்ட அந்நூல் பலர்க்கு ஆசான் ஆயிற்று. 1997ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 2ஆம் நாள் பீனிக்ஸ் நகரில் அவர் காலமானார். அந்நூலின் ஏழாம் பதிப்பை அவருடைய மைந்தர் பில் ஸ்டைன் திருத்தி 2004ஆம் ஆண்டில் கொணர்ந்தார்.

கழகத்தைத் தோற்றுவித்தபோது உறுப்பினர்களுக்கு வரிசை எண் வழங்கப்பட்டது. முதலாம் எண்ணை ஸ்டைன் தமக்கு வைத்துக்கொள்ளவில்லை. அதனைப் பெற்றவர் நார்போக் ஊர்க் காலணி வணிகர் ஆர்வில் கார்லைல். கழகத்தைத் தோற்றுவித்தவரின் எண் இரண்டு.