ஜே. சி. குமரப்பா

ஜோசப் செல்லத்துரை குமரப்பா (சனவரி 4, 1892 - சனவரி 30, 1960) தமிழ்நாட்டைச் சேர்ந்த பொருளியலாளரும் விடுதலைப் போராட்ட வீரரும் ஆவார். காந்தியப் பொருளியலுக்கு வடிவம் கொடுத்தவர்களுள் முதன்மையானவர். காடுகளை அரசின் வருவாய்க்கான இனமாகக் கருதாமல், அவற்றை அண்டி வாழும் சிற்றூர் மக்களின் பிழைப்புக்கு அடித்தளமாகக் கருதவேண்டும் என்று 1940களிலேயே எழுதியவர். சூழலியல் என்ற சொல் பரவலாகாத காலத்தில் இவர் எழுதியவை பிற்காலத்தில் மீண்டும் படிக்கப்பட்டன.

பிறப்பும் கல்வியும்

குமரப்பா தஞ்சாவூரில் ஒரு கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை சாலமன் துரைசாமி கொர்னேலியசு பொதுப்பணித் துறை அலுவலர். தாய் எசுத்தர் இராஜநாயகம். இவரது இயற்பெயர் ஜோசப் செல்லத்துரை கொர்னேலியசு. குமரப்பா என்பது குடும்பத்தின் பழைய பெயர். அதனை இவரும் உடன்பிறந்தோரும் பின்னர் மீண்டும் ஏற்றுக்கொண்டனர். இவருடைய தம்பி பாரதன் குமரப்பாவும் காந்தியவாதியாக அறியப்பட்டவர்.

இலண்டனில் கணக்காயர் பயிற்சி பெற்ற குமரப்பா, நாடு திரும்பிப் பம்பாயில் தொழில் நடத்தினார். 1927இல் ஐக்கிய அமெரிக்கா சென்று சிராக்கியூசு பல்கலைக்கழகத்தில் வணிக மேலாண்மையும், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதியும் பயின்றார். இந்தியாவின் வறுமைக்கும் ஆங்கில அரசின் வரவு செலவு முறைக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து அங்கு ஓர் ஆய்வேடு எழுதினார். பேராசிரியர் செலிக்மன் அதற்கு வழிகாட்டியாக இருந்தார். மேனாட்டு உடையும் நடையும் கொண்டிருந்த ஒரு கணக்காயரை நாட்டுப்புறத்தை நோக்கித் திருப்பியது இந்த ஆய்வேயாகும்.

காந்தியுடன் தொடர்பு

அவ்வாய்வேட்டை வெளியிடும் பொருட்டு 1929 மே மாதத்தில் சபர்மதி ஆசிரமத்தில் காந்தியைச் சந்தித்தார். காந்தி அதனை யங் இந்தியா இதழில் தொடராக வெளியிட இசைந்ததுடன், குசராத்தின் கேடா மாவட்டத்தில் உள்ள மாதர் வட்டத்தில் ஊரக ஆய்வு ஒன்றை நடத்துமாறும் கேட்டுக்கொண்டார். குசராத் வித்யாபீட மாணவர்களுடன் ஊர் ஊராகச் சென்று, உழவர் குடும்பங்களின் வரவு, செலவு, கடன், கால்நடை ஆகியவற்றைக் குமரப்பா கணக்கெடுத்தார். இதன் அறிக்கை 1931இல் வெளிவந்தது. உப்புச் சத்தியாக்கிரகக் காலத்தில் யங் இந்தியா இதழின் ஆசிரியப் பொறுப்பை ஏற்றுச் சிறை சென்றார்.

1934ஆம் ஆண்டுப் பீகார் நிலநடுக்கத்தின்போது நிவாரண நிதியின் கணக்குகள் இவரிடம் ஒப்படைக்கப்பட்டன. தொண்டர்களுக்கு விதித்த செலவு வரம்பைக் காந்தியின் குழுவினருக்கும் தளர்த்த மறுத்தார் என்று கூறப்படுவதுண்டு. இவரது இயல்பை அறிந்தவர்களுக்கு இது வியப்பளிக்காது.

மகன்வாடி

1934இல் அனைத்திந்திய கிராமக் கைத்தொழில் சங்கம் தொடங்கப்பட்டது. வார்தாவில் மகன்வாடி என்னும் வளாகம் அதன் தலைமையிடம் ஆயிற்று. குமரப்பா அதன் அமைப்பாளராக இருந்தார். செக்கு, கைக்குத்தல் அரிசி, கைத்தாள், தேனீ வளர்ப்பு, மட்பாண்டம், பனைவெல்லம் முதலிய தொழில்களின் கருவிகள் அங்கு சீர்திருத்தப்பட்டன, பயிற்சியும் அளிக்கப்பட்டது. மண்ணெண்ணெய்க்குப் பதிலாகத் தாவர எண்ணெயில் எரியும் மகன் தீபம் என்ற விளக்கு அங்கு உருவானது.

காடுகள் பற்றிய கருத்துகள்

சென்னை மாகாணத்தில் 1882ஆம் ஆண்டுக் காட்டுச் சட்டத்தின்கீழ்ப் பெரும் பரப்புகள் காப்புக்காடுகளாயின. விறகு பொறுக்கவும் மாடு மேய்க்கவும் சிற்றூர் மக்கள் கட்டணம் செலுத்தவேண்டியிருந்தது, மீறினால் தண்டம். ஏனைய மாகாணங்களிலும் ஏறத்தாழ இதே நிலைதான். காட்டுத் துறையின் வெற்றி, ஆண்டு முடிவில் அது ஈட்டித்தந்த தொகையால் அளக்கப்பட்டது.

கணக்காயரான குமரப்பா இந்தக் கணக்கையே தவறு என்றார். 1946இல் மாகாணங்களில் காங்கிரசு அமைச்சரவைகள் அமைந்தபோது, ஊரக வளர்ச்சிக்கு அமைச்சர்கள் செய்யவேண்டியன பற்றி ஒரு திட்டம் வகுத்தார். காட்டு மேலாண்மை வருவாயை நோக்காமல் சுற்றுப்புற மக்களின் தேவையை நோக்கவேண்டும் என்பது அதில் ஒரு கூறு. காடுகளை அவர் இரண்டாகப் பிரித்தார். கட்டுமான மரம் தரும் காடுகளை அரசு நீண்டகால நோக்கில் பேணவேண்டும். விறகும் புல்லும் தரும் காடுகளை மக்கள் இலவசமாகவோ மிகக் குறைந்த விலையிலோ பயன்படுத்த விடவேண்டும்.

இப்பிரிவினைக்குப் பின்னால் நடைமுறைக் காரணம் ஒன்று உண்டு. குயவரின் சூளைக்கும், பதநீர் காய்ச்சும் அடுப்புக்கும் விறகு வேண்டும். கைத்தாள் செய்வோருக்குப் புல் வேண்டும். இவை விலை ஏறினால், கருவிகளை எவ்வளவு திருத்தினாலும் அத்தொழில்கள் நிற்கமாட்டா. காடு கைவிட்டுப் போன ஊரில் கைத்தொழிலும் போய்விடும் என்பதை இவர் கள ஆய்வுகளில் கண்டிருந்தார்.

பனையைப் பற்றிய இவரது வாதம் தமிழ்நாட்டு வாசகர்களுக்கு நெருக்கமானது. பனை பாசனமின்றித் தரிசில் வளர்வது. அதன் பதநீரிலிருந்து வெல்லம் எடுத்தால், கரும்புக்குச் செல்லும் நல்ல நிலத்தைத் தானியத்துக்கு விடலாம். மதுவிலக்கைக் காரணம் காட்டிப் பனைகளை வெட்டுவது தேவையற்றது. சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கினால் கள்ளுக்குப் பதில் பதநீர் கிடைக்கும், பனையேறிகளின் பிழைப்பும் கெடாது.

நிலைத்த பொருளாதாரம்

1940களில் ஜபல்பூர்ச் சிறையில் இருந்தபோது எழுதிய எக்கானமி ஆஃப் பெர்மனன்ஸ் இவரது முதன்மையான நூலாகும். காந்தியின் முன்னுரையுடன் இது 1945இல் வெளிவந்தது. இயற்கையில் காணப்படும் வாழ்முறைகளை ஐந்து வகையாக இந்நூல் பிரிக்கிறது. இரையைக் கொன்று தின்னும் புலி ஒரு முனை. எதிர்பார்ப்பின்றிக் குஞ்சுக்கு ஊட்டும் தாய்ப்பறவை மறுமுனை. பூவிலிருந்து தேனை எடுக்கும்போதே மகரந்தச் சேர்க்கைக்கும் உதவும் தேனீ இடையில் வருகிறது. நிலக்கரி, பெட்ரோலியம் போன்றவை எடுக்க எடுக்கக் குறையும் தேக்கம். காடும் வேளாண்மையும் முறையாகப் பேணினால் வற்றாத ஓட்டம் என்பது இவரது மற்றொரு பாகுபாடு. தேக்கத்தைச் சார்ந்த பொருளாதாரம் போருக்கு இட்டுச்செல்லும் என்று கருதினார்.

விடுதலைக்குப் பின்

1947 இறுதியில் காங்கிரசு அமைத்த வேளாண் சீர்திருத்தக் குழுவுக்குக் குமரப்பா தலைமை தாங்கினார். இடைத்தரகர்களை ஒழித்து உழுபவர்க்கு நில உரிமை அளிக்கவேண்டும் என்று 1949இல் அக்குழு பரிந்துரைத்தது. ஆயினும் நாட்டின் திட்டமிடல் பெருந்தொழில்களின் பக்கம் சென்றது. அதனை வெளிப்படையாக எதிர்த்த குமரப்பா, ஆட்சியில் இருந்த பழைய தோழர்களிடமிருந்து விலகினார். இவரது கருத்துகளில் எல்லாமே நடைமுறைக்கு ஒத்தவை எனக் கூறவியலாது. உழுவுந்து, வேதியுரம் ஆகியவற்றை இவர் எதிர்த்தது அன்றும் கேலிக்கு உள்ளானது.

உடல்நலம் குன்றிய நிலையில் 1950களில் மதுரை மாவட்டம் தே. கல்லுப்பட்டியில் உள்ள காந்தி நிகேதன் ஆசிரமத்தில் குடியேறினார். திருமணம் செய்துகொள்ளவில்லை. 1960 சனவரி 30 அன்று, காந்தியின் நினைவு நாளில், சென்னையில் காலமானார்.

பிற்கால நிகழ்வுகள்

இ. எஃப். சூமாக்கரின் சுமால் இசு பியூட்டிஃபுல் (1973) நூலில் குமரப்பா மேற்கோள் காட்டப்பட்டுள்ளார். அதே ஆண்டு இமயமலைச் சரிவில் மண்டல் என்னும் ஊரில் சிப்கோ இயக்கம் தொடங்கியது. ஏர்க்கருவிகள் செய்ய உள்ளூர்ச் சர்வோதயத் தொழிலாளர் அமைப்புக்கு மறுக்கப்பட்ட மரங்கள், விளையாட்டுப் பொருள் செய்யும் நிறுவனத்துக்கு ஒதுக்கப்பட்டதே அதற்கு உடனடிக் காரணம். குமரப்பா 1946இல் சுட்டிய அதே பிணக்கு இது. ஆப்பிரிக்காவில் கென்யாவின் வங்காரி மாத்தாய் 1977இல் தொடங்கிய பசுமைப் பட்டை இயக்கமும், விறகும் நீரும் தேடி நெடுந்தொலைவு நடந்த ஊரகப் பெண்களின் தேவையிலிருந்தே பிறந்தது. பிழைத்த கன்றுகளுக்காக அப்பெண்களுக்குச் சிறு தொகை வழங்கப்பட்டது.

இந்தியாவில் காடு பேணலில் ஊர்மக்களைப் பங்குகொள்ளச் செய்யும் நடுவண் அரசின் சுற்றறிக்கை 1990 சூன் மாதத்தில் வெளியானது. தமிழ்நாட்டில் 1997இல் தொடங்கிய காடு வளர்ப்புத் திட்டத்தில் கிராம வனக்குழுக்கள் அமைக்கப்பட்டன. காடுவாழ் மக்களின் சமூக உரிமையை ஏற்கும் வன உரிமைச் சட்டம் 2006இல் நிறைவேறியது.