கோணல் விரல் டாக்டர்

மதுரை அண்ணாநகரில் 1976-ம் ஆண்டு ஒரு சிறிய கண் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. அதில் இருந்தவை மொத்தம் 11 படுக்கைகள்.

திறந்தவர் சர்க்கார் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு டாக்டர். கல்யாணம் செய்துகொள்ளாதவர். கையில் பெரிய பணம் கிடையாது. கை விரல்களோ முடக்குவாதத்தால் கோணிப் போனவை. சட்டைப் பொத்தான் போடுவதே சிரமம் என்று சொல்லத் தோன்றும் விரல்கள்!

அந்த விரல்களால்தான் அவர் தம் வாழ்நாளில் 1 லட்சத்துக்கு மேற்பட்ட கண் ஆபரேஷன்கள் செய்தார்.

அவர்தான் டாக்டர் கோ.வெங்கடசாமி. திறக்கப்பட்டது அரவிந்த் கண் ஆஸ்பத்திரி.

மணலில் எழுதிய பையன்

எட்டயபுரம் பக்கத்தில் அயன் வடமலாபுரம் என்று ஒரு கரிசல் காட்டுக் கிராமம். அங்கே ஒரு விவசாயக் குடும்பத்தில் 1918-ம் ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி வெங்கடசாமி பிறந்தார். உடன் பிறந்தவர்கள் நால்வர். இவரே மூத்தவர்.

பள்ளிக்கூடத்தில் காகிதமும் கிடையாது, பென்சிலும் கிடையாது. ஆற்று மணலை அள்ளி வந்து தரையில் பரப்புவார்கள். அதில் விரலால் எழுதிப் படிக்க வேண்டும்.

சிறு வயதில் அவர் மனத்தை ஒரு துயரம் உலுக்கியது. சொந்தக்காரப் பெண்கள் மூவர், ஒருவர் பின் ஒருவராகப் பிள்ளைப்பேற்றை ஒட்டி இறந்து போனார்கள். கிராமத்தில் டாக்டர் இல்லை. படித்துப் பிரசவ டாக்டர் ஆகவேண்டும் என்று பையன் முடிவு செய்தான்.

மதுரை அமெரிக்கன் கல்லூரியில் ரசாயனம் படித்து 1938-ல் தேறினார். 1944-ல் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பட்டம் வாங்கினார். ராணுவத்தில் டாக்டராகச் சேர்ந்தார். பிறகு பிரசவ மருத்துவத்தில் பயிற்சி பெற இருந்தார்.

அப்போதுதான் இடி விழுந்தது.

படுத்த படுக்கை

முடக்குவாதம் அவரைத் தாக்கியது. மூட்டுக்கு மூட்டு வீக்கம். எழுந்து நிற்க முடியவில்லை. பேனாவைப் பிடிக்க முடியவில்லை. 1948-ல் ராணுவம் அவரை அனுப்பிவிட்டது. மாதக்கணக்கில் படுத்த படுக்கையாகக் கிடந்தார்.

மெல்ல மெல்லத் தேறி எழுந்தார். ஆனால் விரல்கள் கோணியது கோணியதுதான். பிரசவ மருத்துவத்துக்குக் கை உதவாது என்று தெரிந்துவிட்டது.

வேறொருவர் என்றால் டாக்டர் தொழிலையே விட்டிருப்பார். இவர் கண் மருத்துவம் படிக்கப் போனார்! உடம்பிலேயே மிகவும் நுணுக்கமான ஆபரேஷன் கண்ணில் செய்வதுதான். அதற்கு இந்தக் கையா என்று கேட்கலாம். கத்தியைத் தம் விரலுக்கு ஏற்றபடி பிடித்துப் பிடித்துப் பழகினார். தமக்கென்று தனியாகச் செய்த கருவிகளையும் உபயோகித்தார். நாளடைவில் ஒரே நாளில் 100 ஆபரேஷன் வரை செய்யும் அளவுக்குக் கை பழகியது.

1956-ல் மதுரைக்கு வந்தார். எர்ஸ்கின் ஆஸ்பத்திரியிலும் மருத்துவக் கல்லூரியிலும் கண் பிரிவின் தலைவரானார். (எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்றால் இளையவர்களுக்குத் தெரியாது. இன்றைய ராஜாஜி ஆஸ்பத்திரிதான் அது.) அங்கே 20 ஆண்டு வேலை பார்த்தார்.

கண் தெரியாதவர்கள் ஆஸ்பத்திரியைத் தேடி வருவதில்லை என்பதை அவர் கண்டார். கூட்டி வர ஆள் வேண்டும். பஸ்ஸுக்குக் காசு வேண்டும். வந்தவருக்குச் சோறு வேண்டும். அழைத்து வருகிறவருக்கு அன்றைய கூலி போய்விடும். எனவே டாக்டரே கிராமங்களுக்குப் போனார். 1960-களில் அவர் நடத்திய கண் முகாம்கள் பிரபலமாயின. 1973-ல் அவருக்கு பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

சோடா பாட்டில் கண்ணாடி

அந்தக் காலத்துப் புரை ஆபரேஷனில் ஒரு குறை இருந்தது.

நம் கண்ணுக்குள் ஒரு சிறு லென்ஸ் இருக்கிறது. வயதானால் அது பால் போல வெளுக்கிறது. அதுவே புரை. டாக்டர்கள் அந்த லென்ஸை எடுத்து விடுவார்கள். எடுத்த இடம் வெறுமையாக இருக்கும். அதற்கு ஈடாக +10 நம்பர் மூக்குக்கண்ணாடி கொடுப்பார்கள். சோடா பாட்டிலின் அடிப்பாகம் போல அத்தனை கனம்!

அதைப் போட்டால் எல்லாம் பெரிதாகத் தெரியும். பக்கவாட்டில் வருவது தெரியாது. படி எங்கே என்று காலால் தடவ வேண்டும். களை எடுக்கப் போன இடத்தில் கண்ணாடி வரப்பில் விழுந்து உடைந்தால் தீர்ந்தது. மறுபடியும் குருடுதான்.

இதற்கு ஒரு வழியை லண்டனில் ஹெரால்டு ரிட்லி என்ற டாக்டர் கண்டுபிடித்தார். யுத்தத்தில் விமானம் நொறுங்கி, அதன் பிளாஸ்டிக் சில்லுகள் சில விமானிகளின் கண்ணுக்குள் புகுந்திருந்தன. அந்தச் சில்லுகளைக் கண் எதிர்க்காமல் ஏற்றுக்கொண்டதை ரிட்லி கவனித்தார். அதே வகைப் பிளாஸ்டிக்கில் லென்ஸ் செய்து, 1949-ல் கண்ணுக்குள் வைத்தார்.

ஆனால் நம்பர் தவறிவிட்டது! லென்ஸின் சக்தி மிக அதிகம். அந்த முதல் நோயாளிக்குக் கடுமையான கிட்டப்பார்வை ஏற்பட்டு, பார்வையைச் சரிசெய்யக் கனத்த கண்ணாடி வேண்டியதாயிற்று.

அளவு எப்படித் தெரியும்?

உடம்புக்குள் வைக்கும் எந்தப் பொருளுக்கும் முதல் கேள்வி அளவுதான். இடுப்பு எலும்புக்குப் பந்து வைத்தாலும் அப்படித்தான். 1962-ல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் டாக்டர்கள் ஒரு பெண்ணின் மார்பில் சிலிக்கோன் பை வைத்தார்கள். அந்த வகை ஆபரேஷனிலும் அளவு பொருந்தாமல் மறு ஆபரேஷனுக்கு வருகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். செருப்புக் கடை என்றால் போட்டு நடந்து பார்த்து, வேண்டாம் என்று கழற்றி வைக்கலாம். இங்கே அது நடக்காது.

கண் லென்ஸுக்கு இரண்டு அளவு முக்கியம். கருவிழியின் மேல் வளைவு ஒன்று. முன்னிருந்து பின்வரை கண்ணின் நீளம் மற்றொன்று. பெரியவர்களின் கண் சுமார் 23 அல்லது 24 மில்லிமீட்டர் நீளம். அதை ஒலி அலையாலும், இப்போது ஒளியாலும் அளக்கிறார்கள். நீள அளவில் 1 மில்லிமீட்டர் தவறினால், பார்வையில் சுமார் இரண்டரை நம்பர் தவறிவிடும்! ஒரு நெல்லின் கனம்கூட இல்லாத தவறு அது.

ஆரம்ப நாட்களில் பல நாடுகளில் எல்லோருக்கும் ஒரே நம்பர் லென்ஸை வைத்தார்கள். சிலருக்குப் பொருந்தியது, சிலருக்குப் பொருந்தவில்லை. 1967-ல் ரஷ்ய டாக்டர் பியதரோவ் கணக்குச் சூத்திரம் ஒன்றை வெளியிட்டார். 1980-ல் இன்னும் எளிய சூத்திரம் வந்தது. அதன்பின் ஒவ்வொரு கண்ணுக்கும் அதற்கேற்ற நம்பர் என்ற முறை பரவியது.

கணக்கோடு வேலை முடிந்துவிடாது. பஸ் ஓட்டுகிறவருக்குத் தூரம் தெரிய வேண்டும். மதுரையில் மல்லிகைப் பூக் கட்டும் அம்மாளுக்குக் கைக்கெட்டும் தூரம் தெரிந்தால் போதும். சாதாரண லென்ஸ் இரண்டையும் ஒருசேரத் தராது. பெரும்பாலும் தூரத்துக்கு வைத்து, ஊசியில் நூல் கோக்கக் கண்ணாடி கொடுப்பார்கள். குழந்தையின் கண் வளரும் ஆதலால், வளர்ச்சியை எண்ணி வேண்டுமென்றே நம்பரைக் குறைத்து வைப்பதும் உண்டு.

நம்பர் சற்றுத் தவறினால் மூக்குக்கண்ணாடியால் சமாளிக்கலாம். மிகவும் தவறினால் லென்ஸை எடுத்து வேறு வைக்க வேண்டும். நாளாக ஆக லென்ஸைச் சுற்றிய சவ்வு அதோடு ஒட்டிக்கொள்ளும். இரண்டாவது ஆபரேஷன் முதலாவதைவிடக் கஷ்டம்.

ஏழைக்கும் அதே லென்ஸ்

1980-களில் அரவிந்த் ஆஸ்பத்திரிக்குப் பணம் கொடுத்து வந்தவர்களுக்குக் கண்ணுக்குள் லென்ஸ் கிடைத்தது. இலவசமாக வந்த ஏழைகளுக்குப் பெரும்பாலும் சோடா பாட்டில் கண்ணாடிதான். ஒரே டாக்டர், ஒரே ஆஸ்பத்திரி, இரண்டு விதப் பார்வை!

லென்ஸ் வெளிநாட்டுச் சரக்கு. ஒன்றின் விலை 100 டாலர் அளவில் இருந்தது. தானமாகவும் வந்தது. ஆனால் தானம் கொடுக்கிறவர் தம்மிடம் இருக்கும் நம்பரைத்தான் கொடுப்பார். உசிலம்பட்டியிலிருந்து வந்த பாட்டியின் கண்ணுக்கு எந்த நம்பர் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

ஏழை நாடுகளுக்கு இந்த லென்ஸ் ஏற்றதல்ல, மலிவான கண்ணாடியே போதும் என்று உலக நிபுணர்கள் பலர் சொன்னார்கள். வெங்கடசாமியும் அவர் குடும்பத்தாரும் அதை ஒப்புக்கொள்ளவில்லை. தங்கை நாச்சியார், அவர் கணவர் நம்பெருமாள்சாமி என்று குடும்பமே கண் டாக்டர்கள். தம்பி சீனிவாசன் கணக்கையும் கட்டடத்தையும் பார்த்துக் கொண்டார். டேவிட் கிரீன் என்ற அமெரிக்க நண்பரும் சேவா நிறுவனமும் கை கொடுத்தார்கள்.

1992-ல் மதுரையிலேயே ஆரோலேப் என்ற தொழிற்கூடம் தொடங்கியது. கிராமத்துப் பெண்கள் பயிற்சி பெற்று அங்கே லென்ஸ் செய்தார்கள். வட்டம் சுமார் 6 மில்லிமீட்டர். இரு பக்கமும் மீசை போல இரண்டு வளைவுகள். விலை 10 டாலர் அளவுக்கு இறங்கியது. பின்னால் அதற்கும் கீழே போயிற்று. வேண்டிய நம்பரெல்லாம் ஊரிலேயே கிடைத்தது. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு மதுரை லென்ஸ் போயிற்று.

கோணல் விரல் டாக்டர் 2006-ம் ஆண்டு ஜூலை 7-ந் தேதி மதுரையில் காலமானார். வயது 87.

லென்ஸ் டப்பாவுக்குள் சிறு காகித ஒட்டிகள் இருக்கும். அதில் நம்பர் அச்சாகியிருக்கும். ஆபரேஷன் முடிந்ததும் ஒன்றைப் பிரித்து நோயாளியின் சீட்டில் ஒட்டுவார்கள். வீட்டில் பெரியவர்களுக்கு ஆபரேஷன் ஆகியிருந்தால் அந்தச் சீட்டை எடுத்துப் பாருங்கள். 20 என்றோ, 21.5 என்றோ இருக்கும். சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். மற்றக் கண்ணுக்கு ஆபரேஷன் வரும்போது டாக்டர் அதைக் கேட்பார்.